ஃபில்டர் வாங்குமுன் தீனியை எடை போடுங்கள்

போன மாதம் பெங்களூர் பெல்லந்தூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மதுரைக்காரர், ஐ.டி. வேலை. "அண்ணே, நாலடி மீன்தொட்டி. ஆஸ்கர் நாலு, பேரட் பன்னெண்டு கிடக்கு. தண்ணி தெளியவே மாட்டேங்குது. புதுசா எந்த ஃபில்டர் வாங்கட்டும்?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுறீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஃபில்டரைக் கேட்டால் இந்த ஆள் தீனியைக் கேட்கிறாரே என்று நினைத்திருப்பார். அப்புறம் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, காலை மாலை சேர்த்து 10 கிராம் என்றார்.

பெங்களூரில் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி பராமரிப்பதுதான் என் பிழைப்பு. 14 வருஷம் ஆகிறது. கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, தொட்டி எத்தனை லிட்டர் என்பது. மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டிக்கு அது பாதிக் கேள்விதான். 200 லிட்டரில் இருபது பொடி நியான் டெட்ரா மீனும் நீந்தலாம், நாலு பெரிய ஆஸ்கரும் முட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே ஃபில்டரா?

போடும் தீனி மீனின் கழிவாகி, அம்மோனியா என்ற விஷமாகத் தண்ணீரில் கலக்கும். எவ்வளவு என்பதற்கு மீன் பண்ணைக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. தீனியின் எடையை அதிலுள்ள புரதப் பங்கால் பெருக்கி, அதை 0.092-ஆல் பெருக்கினால் தண்ணீரில் சேரும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். 10 கிராம் தீனி, 40 சதவீதப் புரதம் என்றால் சுமார் 370 மில்லிகிராம். தம்பியின் தொட்டி நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 220 வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் ஒன்றுமே செய்யாவிட்டால் ஒரே நாளில் லிட்டருக்கு 1.7 மில்லிகிராம் ஏறிவிடும். இருக்க வேண்டிய அளவு பூஜ்யம்.

இதைத் தின்று தீர்ப்பது ஃபில்டர் மோட்டார் இல்லை, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ் வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், நைட்ரோஸ்பைரா வகை அதை நைட்ரேட் ஆக்கும். இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும், ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும், பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். ஃபில்டர் என்பது அவற்றுக்கு நாம் கட்டித்தரும் வீடு.

சனிக்கிழமை பெல்லந்தூர் போனேன். தொட்டிக்குக் கீழே கேனிஸ்டர், அதாவது குழாய் போட்டு வெளியே வைக்கும் டப்பா ஃபில்டர், இருந்தது. மணிக்கு 1200 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. நான் எப்போதும் செய்கிற காரியம் ஒன்று: தண்ணீர் திரும்பும் குழாயைத் தொட்டியின் விளிம்பு உயரத்திலேயே ஒரு 10 லிட்டர் பக்கெட்டுக்குள் திருப்பிவிட்டு, போனில் நொடி பார்ப்பது. 62 நொடி பிடித்தது. அதாவது மணிக்கு 580 லிட்டர். பெட்டியில் போட்டிருப்பது உள்ளே ஒன்றும் அடைக்காமல், தண்ணீரை மேலே தூக்காமல் ஓடும்போது வரும் கணக்கு. கூட்டமான தொட்டிக்கு மணிக்கு எட்டு முதல் பத்து தடவை தண்ணீர் சுற்ற வேண்டும் என்று பார்ப்பேன். இங்கே மூன்று தடவைகூட இல்லை.

மூடியைத் திறந்தேன். மேல் தட்டில் வெள்ளைப் பஞ்சு, ஊறிய அட்டை மாதிரி பழுப்பாக அமுங்கிக் கிடந்தது. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்றேன். "திறக்கணுமாண்ணே?" என்றார். தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் பிடித்து, ஸ்பாஞ்சுகளை அதில் பிழிந்தேன். பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையங்களை லேசாக அலசியதோடு சரி. பஞ்சை மட்டும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வைத்தேன். மறுபடி பக்கெட் வைத்தபோது 38 நொடி, மணிக்கு 947 லிட்டர். புதுசாக ஒரு ரூபாய்க்கும் சாமான் வாங்காமல் கிடைத்த வித்தியாசம் இது.

இந்த அலசலைக் குழாயடியில் வைத்துச் செய்யாதீர்கள். காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா சுத்தம் என்று நினைத்து வளையங்களைக் குழாயில் பளபளவென்று கழுவி வைத்து, மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வீடு இருக்கிறது, குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல் தனி மரியாதை. தனியாக அது ஆஸ்கர் தொட்டியைத் தாங்காது, ஆனால் இரண்டாவது ஆளாக வைக்க அதைவிட மலிவாக ஒன்றும் இல்லை. தொட்டிக்குள் ஒட்டவைக்கும் சின்ன பவர் ஃபில்டர்கள் குப்பையை அள்ளும், பாக்டீரியாவுக்கு இடம் தராது. பக்கவாட்டில் தொங்கவிடுவது இரண்டடித் தொட்டிவரை நல்லது. தொட்டியின் மேலே உட்காரும் டாப் ஃபில்டர் பார்க்க அழகில்லைதான். ஆனால் மூடியைத் தூக்கினால் பஞ்சு கைக்கு வந்துவிடும், அதனால் ஆட்கள் உண்மையிலேயே சுத்தம் செய்கிறார்கள். கேனிஸ்டர் விலை அதிகம், கண்ணுக்கு மறைவு. அந்த மறைவுதான் அதற்கு எதிரி. பூட்டித் திறக்கச் சோம்பல்படுகிறவர் என்றால் நான் டாப் ஃபில்டரைத்தான் சொல்வேன். கடைக்காரர்களுக்கு இதனால் என்மேல் கோபம்.

இடம் இருந்தால் சம்ப். பெங்களூரில் சம்ப் என்றதும் வாசலுக்குக் கீழே காவேரித் தண்ணீர் பிடிக்கும் தொட்டியைத்தான் நினைப்பார்கள். இது ஸ்டாண்டுக்குள் வைக்கும் கண்ணாடிப் பெட்டி. மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் பஞ்சு, ஸ்பாஞ்ச், வளையம் என்று தாண்டி, பம்பில் ஏறித் திரும்பப் போகும். தண்ணீரின் அளவும் கூடும், விழுந்து வருவதால் காற்றும் கலக்கும், கையை விட்டால் எல்லாம் எட்டும். கூட்டமான தொட்டிக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஆனால் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முதலில் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் அல்சூரில் இரண்டாவது மாடி வீடு ஒன்றில் சம்ப் போட்டேன். தண்ணீர் மேலேறும் குழாயின் வாய், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மட்டத்துக்கு நாலு அங்குலம் கீழே. ராத்திரி கரண்ட் போனது. பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபன் ஆகி, மேல்தொட்டியின் நாலு அங்குலத் தண்ணீரையும் கீழே இழுத்துவிட்டது. ஆறு சதுர அடிப் பரப்புக்கு அது 57 லிட்டர். சம்பில் காலி இடம் 20 லிட்டர்தான். மீதி ஹாலில். அதற்கப்புறம் முதல் மாடியில். கீழ்வீட்டு அம்மா கன்னடத்தில் திட்டியதை இங்கே எழுத முடியாது. இப்போதெல்லாம் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிச் சின்னத் துளை போடுகிறேன், காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். ஒருவழி வால்வை நம்புவதில்லை, அதில் ஒரு நத்தை சிக்கினால் போச்சு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கண்முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கிக் காட்டிவிட்டுத்தான் கூலி வாங்குகிறேன்.

கேனிஸ்டருக்குக் கரண்ட் போவது வேறு விதமான ஆபத்து. அது மூடிய டப்பா. உள்ளே இருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியாவே தீர்த்துவிடும், சில மணி நேரத்தில் தண்ணீர் நாறத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். நீண்ட நேரம் நின்றிருந்தால், திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ஏர் பம்பை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால் மீனும் மூச்சு விடும், ஸ்பாஞ்சும் உயிரோடு இருக்கும்.

உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் சேரும். போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீரில் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பல இடங்களில் எட்டைத் தாண்டுகிறது. 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும், 8-ல் ஐந்து சதவீதத்துக்கு மேல், 8.5-ல் சுமார் பதினைந்து. அம்மோனியா சோதனையில் ஒரே நிறம், ஒரு வீட்டில் மீன் சாகும், பக்கத்து வீட்டில் சாகாது. இதற்குப் பயந்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எதிர்ப்பக்கம் விழுகிறார்கள். பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்கத் தண்ணீரின் காரத்தன்மையில் ஏழு கிராம் தின்னும். ஆர்.ஓ. தண்ணீரில் அது ஏறக்குறைய இல்லை. தீர்ந்தால் பிஎச் சரிந்து, பாக்டீரியாவும் படுத்துவிடும்.

2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் சொன்ன மார்ச் மாதத்தில், தண்ணீர் மாற்றவே தேவையில்லாத ஃபில்டர் இருக்கிறதா என்று தினம் நாலு பேர் கேட்டார்கள். இல்லை. நான் சொன்ன ஃபில்டர்கள் எல்லாம் நைட்ரேட்டோடு நின்றுவிடும். அதை வெளியேற்ற வாரம் மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த மாதம் எல்லோரிடமும் தீனியைப் பாதியாக்கச் சொன்னேன். ஆஸ்கர் ஒன்றும் இளைத்துவிடவில்லை. எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். மல்லேஸ்வரத்தில் ஒரு பாட்டி வீட்டு கறிவேப்பிலை அந்தக் கோடையில்தான் ஆளுயரம் வளர்ந்தது.

பெல்லந்தூர் தம்பிக்குப் பெரிய கேனிஸ்டர் விற்றிருக்கலாம். நான் பழையதை வைத்துக்கொள்ளச் சொல்லி, மேலே ஒரு டாப் ஃபில்டரும் மூலையில் ஸ்பாஞ்சும் சேர்த்தேன். ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அலசக் கூடாது என்றும் சொன்னேன். தீனியை 6 கிராமாக்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கெட் வைத்துப் பார்க்கிறார் போல. நேற்று வாட்ஸப்பில் வெறும் எண் மட்டும் வந்தது: 47. "பஞ்சை மாத்துங்க தம்பி" என்று பதில் போட்டேன்.