ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, வயிறு மட்டும் வலிக்கிறது

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சிலருக்கு எண்டோஸ்கோபி வரைக்கும் பார்த்தாகிவிட்டது. "எல்லாம் நார்மல், ஒண்ணும் இல்ல" என்கிறார் டாக்டர். பெற்றோருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பெண்ணின் காதில் அதே வார்த்தை வேறு மாதிரி விழுகிறது: அப்படியானால் நான் நடிக்கிறேனா?

அந்த "ஒண்ணும் இல்ல" பாதிதான் உண்மை. புண் இல்லை, கட்டி இல்லை, அடைப்பு இல்லை. வலி இருக்கிறது. ஸ்கேனில் உறுப்பின் வடிவம் தெரியும். அதன் நரம்புகள் எவ்வளவு உரக்கக் கத்துகின்றன என்பது தெரியாது.

இது புதிய சிக்கலும் அல்ல. பிரிட்டனில் ஜான் ஆப்லி என்ற குழந்தைகள் மருத்துவர் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வயிற்றுவலி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உடலில் நோய் என்று காட்டக்கூடிய காரணம் அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. தொப்புளைச் சுற்றி வலித்தால் பெரும்பாலும் பயமில்லை, தொப்புளை விட்டு விலக விலகத்தான் சந்தேகப்பட வேண்டும் என்ற அவருடைய கணக்கை மருத்துவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

சரி, புண்ணே இல்லாமல் எப்படி வலிக்கும்? குடல் வெறும் குழாய் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். குடல் அதைப் பொருட்படுத்தவே இல்லை. உள்ளே வைத்ததைத் தன் போக்கில் தள்ளிக்கொண்டே போனது. அதன் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் பின்னிக் கிடக்கின்றன. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற ரசாயனத்தில், உடலில் உள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பதும் இங்கேதான்.

இந்தக் குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள், சுமார் 80 சதவீதம், கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. வலிச் செய்தி முக்கியமாகத் தண்டுவடம் வழியாக ஏறுகிறது. மேலிருந்து வரும் உத்தரவுகளும் உண்டு. பதற்றம் வந்தால் மூளை விடும் ஹார்மோன்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, பெருங்குடலை முடுக்கிவிடுகின்றன. பரீட்சை நாளில் குமட்டலும் கழிவறை அவசரமும் ஒன்றாக வருவது இதனால்தான். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்லி வைத்தவர்களுக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டியதில்லை, அனுபவம் போதுமாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது. வலி நிலைத்துவிடும் பிள்ளைகளிடம் கூடுதலாக ஒன்று நடக்கிறது: நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. குடலுக்குள் சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்த்த சோதனைகளில், மற்ற பிள்ளைகளுக்கு லேசாகத் தெரிந்த அழுத்தமே இவர்களில் பலருக்கு வலித்தது. சாதாரண வாயுவும் சாப்பிட்ட உணவின் அசைவும்கூட அவர்களுக்கு வலிதான். சிலருக்கு இது ஒரு வயிற்றுப்போக்குக் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கும். கிருமி போய்விடும், நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. அதற்குமேல் பயமும் சேர்கிறது. 'இன்றைக்கும் வலிக்குமோ' என்று மூளை வயிற்றையே காவல் காக்கத் தொடங்கினால், தண்டுவடத்தில் வலியை அடக்க வேண்டிய உத்தரவுகள் தளர்ந்து, சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது. வலித்ததால் பயம், பயந்ததால் வலி.

"எல்லாம் மனசுலதான்" என்று சொல்வது அதனால்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எது முதலில் வந்தது என்று பல பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்லவே முடியாது. சிறு வயதில் இந்த வலி இருந்தவர்களை இளம் வயது வரை பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 51 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பதற்றக் கோளாறு இருந்தது. வலி இல்லாமல் வளர்ந்தவர்களில் 20 சதவீதம். மனச்சோர்விலும் வித்தியாசம் இருந்தது. வயிற்றைக் கேட்கும்போதே தூக்கத்தையும் பயத்தையும் பள்ளியில் நடப்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வளர்ச்சி நின்றுபோவது, வலது அடிவயிற்றில் வலி ஆகியவற்றை இந்தக் கணக்கில் தள்ளக்கூடாது. மாதவிடாயோடு வரும் கடும் வலியும் அப்படித்தான். பெண் பிள்ளைகளிடம் அது அடிக்கடி அலட்சியப்படுத்தப்படுகிறது.

கூர்மையான நரம்பைத் தணிக்க முடியும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் மனச் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. ஹிப்னோசிஸ் என்றால் பலர் சிரிப்பார்கள். நெதர்லாந்தில் 8 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் நடந்து 2007இல் வெளியான சோதனையில், குடலைக் குறிவைத்த ஹிப்னோசிஸ் பெற்றவர்களில் 85 சதவீதம் பேர் ஓராண்டு கழித்துத் தேறியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 25 சதவீதம்.

வீட்டில் என்ன செய்வது? அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லின் வாக்கர் குழுவினர் 2006இல் இதைச் சோதித்தார்கள். பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, அவர்கள் அசௌகரியத்தைப் பற்றிப் பேசும்போது சில பெற்றோரை விசாரித்து ஆறுதல் சொல்லவும், சிலரைப் பேச்சை வேறு பக்கம் திருப்பவும் பழக்கியிருந்தார்கள். எந்தப் பயிற்சியும் பெறாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், விசாரிக்க விசாரிக்கப் புகார்கள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. பேச்சைத் திருப்பியபோது பாதியாகக் குறைந்தன. வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கோ, பேச்சைத் திருப்புவது பிள்ளையைப் புண்படுத்திவிடும் என்ற பயம். பிள்ளைகளைக் கேட்டபோது, அப்படிப் பேச்சைத் திருப்பிய அப்பா அம்மாதான் தங்களுக்கு இதமாக இருந்தார்கள் என்றார்கள்.