‘இது என் நாய் இல்லை டாக்டர்’

நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குள் வருபவர் உட்காருவதற்கு முன்பே இப்படிச் சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எப்போது நடந்தது?” இப்போதுதான் என்ற பதில் அபூர்வம். “காலையிலிருந்தே சோர்வாகத்தான் இருந்தான்” என்பார்கள். இல்லாவிட்டால், “நேற்று மதியம்”. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, “அவங்க ஊரில் இல்லை. இன்னும் சொல்லவில்லை” என்பார்கள்.

நண்பரின் நாயைப் பார்த்துக்கொள்ளும்போது நடக்கும் விபத்துகள் சொந்த வீட்டிலும் நடக்கக்கூடியவைதான். கண்டதைத் தின்பதும் கதவு திறந்தால் ஓடுவதும் நாயின் இயல்பு. ஆனால் சொந்த நாய் என்றால் மக்கள் அரை மணி நேரத்தில் ஓடி வருகிறார்கள். அடுத்தவர் நாய் என்றால் அரை நாள் ஆகிறது. அக்கறைக் குறைவால் அல்ல. நண்பரின் பயணம் கெட்டுவிடுமே என்ற எண்ணம், நம்பி விட்டுப்போனாரே என்ற கூச்சம், நாளைக்குள் சரியாகிவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற சின்ன ஆசை. இந்தச் சங்கடம் தின்கிற நேரத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரு லேப்ரடார் வந்தான். (இதில் வரும் எல்லாக் கதைகளிலும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மேசைமேல் இருந்த ஒரு பாக்கெட் உலர்திராட்சையை மதியம் முழுசாகத் தின்றிருக்கிறான். பார்த்துக்கொண்டவர் இணையத்தில் தேடினார். ஒரு இடத்தில் ‘என் நாய் தினமும் தின்கிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்று இருந்தது. இன்னொரு இடத்தில் ‘சிறுநீரகம் போய்விடும்’ என்று இருந்தது. மனசுக்கு இதமான பக்கத்தை அவர் நம்பினார். யாராக இருந்தாலும் அதைத்தான் நம்புவார்கள்.

சங்கடம் என்னவென்றால், இரண்டுமே உண்மைதான். சில நாய்கள் திராட்சையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழக்கும். எந்த நாய் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவும் கிடையாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து 2021-இல் மருத்துவர்களிடையே பேசப்பட ஆரம்பித்தது. காரணம் எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான்: தின்றதும் வாந்தி எடுக்க வைப்பது, பிறகு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது. முதல் இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்திருந்தால் ஓர் ஊசி போட்டு வயிற்றில் இருந்ததில் பெரும்பகுதியை வெளியே எடுத்திருக்கலாம். மறுநாள் காலை வாந்தியும் சோர்வுமாக வந்தபோது ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் சேரும் கழிவு, ஏறியிருந்தது. ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்து பிழைத்தான். நாயின் சொந்தக்காரர் திராட்சைக்காகக் கோபப்படவில்லை. “நேற்று மதியமே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

தாமதம் ஒரு வகை. வீட்டு வைத்தியம் அடுத்தது. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலை ஊற்றுவார்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி, தின்ற பொருளைவிட அந்த உப்பே பெரிய பிரச்சினையாகிவிடும். அமிலம், மண்ணெண்ணெய், கூர்மையான பொருள் போன்றவை உள்ளே போயிருந்தால் வாந்தியே எடுக்க வைக்கக் கூடாது. நொண்டுகிறானே என்று பாவப்பட்டு, தாங்கள் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிடால் இன்னும் வேகமானது. மனிதருக்குத் தீங்கில்லாத இந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைக் கொட்ட வைத்து, அரை மணி நேரத்திலேயேகூட ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும். நாய் வளர்க்காத வீட்டில் கைப்பை தரையில்தான் கிடக்கும். நாய் மூக்கை நுழைக்கும் முதல் இடமும் அதுதான். எதைத் தின்றதோ அதன் உறையைக் கையோடு கொண்டுவாருங்கள். நீங்கள் சொல்லும் அரை மணிக் கதையைவிட எனக்கு அந்த உறை உதவும்.

இதுவரை பார்த்துக்கொள்பவர் பக்கம். இனி விட்டுப்போகிறவர் பக்கம், இவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வருத்தம். “ரொம்ப சமத்து, ஒரு தொந்தரவும் இல்லை” என்று சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சமத்து என்பது அவர்கள் வீட்டில். கடிகாரம் மாதிரி ஓடும் பழகிய வீட்டில். புது வீட்டில், புது வாசனையில், தன் ஆட்கள் எங்கே என்று தெரியாமல் தவிக்கும் நாய் அதே நாய் அல்ல.

வலிப்பு நோய் இருந்த ஒரு பெண் நாயின் கதை இது. சொந்தக்காரர் மாத்திரை அட்டையைக் கொடுத்து, “காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சத்து மாத்திரை மாதிரிதான்” என்று சொல்லியிருக்கிறார். வலிப்பு என்று சொன்னால் பயந்து மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணம். அந்த மாத்திரை வலிப்பைக் கட்டுப்படுத்தும் பீனோபார்பிட்டால். இரண்டாம் நாள் அவள் மாத்திரையைத் துப்பினாள். சத்து மாத்திரைதானே, போகட்டும் என்று பார்த்துக்கொண்டவரும் விட்டுவிட்டார். மூன்றாம் நாளும் துப்பினாள். நான்காம் நாள் இரவு அடுத்தடுத்து மூன்று வலிப்பு. அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரும், முன்பு இருந்ததைவிட மோசமாகவும் வரலாம். ‘சத்து மாத்திரை’ என்ற அந்த ஒரு வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே யாராவது எனக்குப் போன் பண்ணியிருப்பார்கள்.

வலிப்பு வரும்போது வாய்க்குள் கையை விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. கடிபடப்போவது உங்கள் விரல்தான். மேசை நாற்காலியைத் தள்ளிவைத்து, விளக்கைக் குறைத்து, நேரத்தைப் பாருங்கள், முடிந்தால் போனில் படம் எடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ள நாயை ஒருவரிடம் விடுவதென்றால் ஊசிக் குழலையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். கால்நடைகளுக்கான சில இன்சுலின்கள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மனிதர்களுக்கானவை பெரும்பாலும் 100 யூனிட். குழலில் இருக்கும் கோடுகளும் அதற்கேற்ப மாறும். 100 யூனிட் மருந்தை 40-க்கான குழலில் எடுத்தால், பத்து என்று நினைத்து இருபத்தைந்து யூனிட் போட்டுவிடுவீர்கள். மாறாக, 40 யூனிட் மருந்தை 100-க்கான குழலில் எடுத்தால் பத்துக்குப் பதில் நான்குதான் போகும். நாய் சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போடுவதும் ஆபத்துதான். பிரிவு ஏக்கத்தில் முதல் நாள் பல நாய்கள் சாப்பிடுவதில்லை. இதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். வீட்டுக் கதவைத் திறந்து பொருளை வாங்கும் அந்த ஒரு நிமிடம் போதும். கழுத்துப் பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் இடம் இருந்தால், பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். ஓடிவிட்டால் பெயரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள். இரண்டு நாள் பழகிய உங்கள் குரல் அதற்கு இன்னும் அந்நியம். துரத்தினால் சாலையில்தான் போய் விழும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், நண்பர் உடுத்திய ஒரு துணியை நாய் கடைசியாகத் தென்பட்ட இடத்தில் போட்டு வையுங்கள். தோலுக்கு அடியில் வைத்த மைக்ரோசிப் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒன்று: அது இருக்கும் இடத்தைக் காட்டாது. யாராவது பிடித்துக்கொண்டு வந்து கருவியை வைத்தால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பதிவாகியிருப்பதோ விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் நண்பரின் போன் நம்பர். பெல்ட்டில் உங்கள் நம்பரை எழுதித் தொங்கவிடுவது இரண்டு நிமிட வேலை.

கடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிற பழக்கம் இருந்தால், அதைச் சொல்லாமல் விட்டுப்போவது துரோகம் என்பேன், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மனித மருத்துவரிடம் போங்கள். நண்பரின் நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். இரண்டு நாய்கள் சண்டை போட்டிருந்தால், தோலில் தெரியும் சின்ன ஓட்டையை நம்ப வேண்டாம். பல் உள்ளே இறங்கித் தோலுக்கு அடியில் சதையைக் கிழித்திருக்கும், அது மூன்றாம் நாள் சீழாக வரும்.

நடு ராத்திரி ஒரு கிரேட் டேன் வந்ததை மட்டும் சொல்லாமல் முடிக்க முடியாது. வயிறு மத்தளம் போல. வாந்தி எடுக்கப் பார்க்கிறான், ஒன்றும் வரவில்லை, எச்சில் மட்டும் வழிகிறது. ஆழமான நெஞ்சுக்கூடு கொண்ட பெரிய நாய்களுக்கு வரும் வயிற்று முறுக்கம் இது. இரைப்பை காற்றால் ஊதித் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நின்றுபோகும். அறுவை செய்து திருப்பி, வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். செய்யாவிட்டால் விடியும்வரை தாங்குவது கஷ்டம்.

இந்த இடத்தில்தான் வழக்கமாக எல்லாம் நிற்கும். வலியைக் குறைக்கலாம், ஊசி குத்திக் காற்றைக் கொஞ்சம் வெளியேற்றலாம், திரவம் ஏற்றலாம். ஆனால் பெரிய அறுவைக்கு நாயின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். கூட வந்தவருக்கு அந்த உரிமையும் இல்லை, அந்தப் பாரத்தை அவர்மேல் வைப்பதும் நியாயமில்லை. சொந்தக்காரரின் போனோ அணைந்திருக்கிறது.

அன்று கூட வந்தவர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். நண்பர் கையெழுத்தில் அரைப் பக்கம். அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்தத் தொகை வரை மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள், அதற்கு மேல் போனால் என் தங்கையைக் கூப்பிடுங்கள், அவள் முடிவு என் முடிவு. பிழைக்க வழியே இல்லை என்றால் அவனை வலியில் வைத்திருக்க வேண்டாம், அதையும் அவளே சொல்வாள். கீழே கையெழுத்து, தேதி, தங்கையின் நம்பர். எழுதும்போது கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து நிமிடத்தில் அறுவையை ஆரம்பித்தோம்.

தாளின் பின்பக்கம் நான் பிறகுதான் பார்த்தேன். என்ன சாப்பிடுவான், எத்தனை மணிக்கு வெளியே போவான் என்ற விவரங்களுக்கு நடுவில் ஒரு வரி: ‘இருட்டில் தனியாக விட்டால் அழுவான், மூலையில் ஒரு விளக்கு எரியட்டும்.’ அவன் மயக்கம் தெளிந்து எழும்வரை உள்நோயாளி அறையின் விளக்கை அன்று நாங்கள் அணைக்கவில்லை.