பத்து மீட்டர் கற்றாழை

வீட்டுத் தொட்டியில் நாம் வளர்க்கும் சோற்றுக்கற்றாழை முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று, தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் சந்திக்கும் ரிக்டர்ஸ்வெல்ட் மலைப்பகுதியில், பாறைச் சரிவுகளின் மேல் பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பெயர் அலோயிடென்ட்ரான் பில்லான்சி. கற்றாழைகளோடு சேர்த்தே வைத்திருந்த இதையும் இதன் உறவுகளையும் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2013-இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இதைவிடப் பரவலாகக் காணப்படும் தம்பி ஒன்றும் உண்டு: அம்பறாத்தூணி மரம். அந்தப் பகுதிப் பழங்குடிகளான சான் வேட்டைக்காரர்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் கூடாக்கிக்கொண்டார்கள். இரண்டும் பூத்திருந்தால் குழப்பமே இல்லை. தம்பியின் மஞ்சள் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும், பில்லான்சியின் கொத்து இலைகளுக்கு அடியில் தொங்கும்.

கற்றாழை எப்படி மரமானது? பனையைப் போல இதுவும் ஒருவித்திலைத் தாவரம். பனையின் தண்டு வேம்பைப்போல ஆண்டுக்காண்டு வளையம் போட்டுப் பருப்பதில்லை. பில்லான்சி இன்னொரு வழி வைத்திருக்கிறது. தண்டின் ஓரத்தை ஒட்டி வளர்திசு வளையம் ஒன்று ஓடுகிறது. அது உள்பக்கமாகப் புதுப்புது நீர்க்குழாய்க் கற்றைகளையும், அவற்றுக்கு நடுவே மெத்தென்ற திசுவையும் சேர்த்துக்கொண்டே போகிறது. அதனால் தண்டு பருக்கிறது, ஆனால் வைரம் பாய்வதில்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே நாரும் நீரும்தான். எண்ணிப் பார்க்க ஆண்டு வளையங்களும் இல்லாததால், வயதை வளர்ச்சி வேகத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி கட்டியாகிவிட்டது. சரி, அதை வெயிலில் வற்றாமல் காப்பது எப்படி?

இலை சாப்பாடு தயாரிக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் வாயு உள்ளே வரும், நீராவி வெளியே போகும். பாலைவனப் பகலில் இது கட்டுப்படியாகாத வியாபாரம். ஆகவே கற்றாழை வகைகள் பகல் முழுக்கத் துளைகளை மூடி வைத்து, காற்று குளிர்ந்த பிறகு இரவில் திறக்கின்றன. இரவில் வெளிச்சம் கிடையாது, சர்க்கரை செய்ய முடியாது. வந்த வாயுவை மாலிக் அமிலமாக்கி, செல்களுக்குள் இருக்கும் நுண்குமிழிகளில் போட்டுவைக்கின்றன. விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ளும். அமிலம் உடைந்து வாயு இலைக்குள்ளேயே வெளிப்பட, வெயிலின் உதவியோடு அது சர்க்கரையாகும்.

இந்த ரகசியத்தை நாக்கால் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர் என்று சொல்லலாம். தரங்கம்பாடிக்கு மதப் பணிக்காக வந்து, பின்னர் சென்னை அரசாங்கத்துக்குத் தாவரவியலாளராக வேலை செய்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலை காலையில் நன்றாகப் புளிப்பதையும் நண்பகலுக்குள் அந்தப் புளிப்பு போய்விடுவதையும் கவனித்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1810-களில் நடந்தது இது. அந்தப் புளிப்புதான் இரவில் சேமித்த அமிலம்.

இந்த முறையில் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது. குமிழிகள் நிறைந்தால் அன்றைய கொள்முதல் முடிந்தது, எனவே வளர்ச்சி மெதுவாகவே இருக்கும். வறட்சி முற்றினால் துளைகளை இரவிலும் திறக்காமல், தான் மூச்சாக விட்ட வாயுவையே மறுபடி மறுபடி சுழற்றிக் காலம் தள்ளவும் இவ்வகைச் செடிகளால் முடியும். கிளைகளின் மேல் படிந்த வெள்ளைப் பொடி வெயிலைத் திருப்பி அனுப்புவது இன்னொரு உதவி.

இவ்வளவு இருந்தும் இந்த மரம் ஏன் அழிவின் விளிம்பில் நிற்கிறது? என் கணக்கில், இந்த ஏற்பாடு எல்லாம் பெரிய மரத்துக்கே முழுதாக உதவுகிறது. விரல் நீளக் கன்றுக்கு ஏது தொட்டி? சில நல்ல மழை ஆண்டுகள் அடுத்தடுத்து வர வேண்டும், பாறையோ புதரோ நிழல் தர வேண்டும், ஆடும் கழுதையும் மேயாமல் விட வேண்டும். தப்பிப் பிழைத்தால் சேகரிப்பாளர்களுக்காகத் திருடுபவன் வருவான். அவன் தேடுவதும் கன்றைத்தான், பத்து மீட்டர் மரத்தைப் பையில் போட முடியாதே. காட்டிலிருந்து எடுத்த இந்தச் செடியை வணிகத்துக்காக நாடு தாண்டி விற்பதைச் சர்வதேச ஒப்பந்தம் தடை செய்கிறது. அப்புறம் வெப்பநிலை உயர்வு. தம்பி மரத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, அதன் பரப்பின் வெப்பமான வடக்கு ஓரத்தில் சாவு அதிகம் என்று காட்டியது. தெற்கே குளிர்ந்த இடங்கள் இருந்தாலும், விதை காற்றில் பறந்து போய் முளைத்துப் பூக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பில்லான்சிக்குப் பெயர்போன இடம் கார்னெல்ஸ் காப் என்ற குன்று. பழைய புகைப்படங்கள் எடுத்த அதே இடங்களில் நின்று மறுபடி படம் எடுத்து ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அங்கே பெரிய மரங்கள் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். படத்தில் எளிதில் தெரியாத சின்னஞ்சிறு கன்றுகள் பாறை இடுக்குகளில் இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.