பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் வாளித் தண்ணீர்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருக்கும் எங்கள் வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. ஓசூரில் வேலை, மே மாதம்தான் திரும்பினோம். அம்மா குளியலறைக் குழாயைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது, அப்புறம் டீத்தண்ணி நிறத்தில் ஒரு வாளி. பிறகு தெளிவாகவே வந்தது. "அவ்ளோதான், சுத்தமாயிடுச்சு" என்றார். நான் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். உட்சுவர் கஞ்சி பூசியதுபோல் வழவழவென்று இருந்தது.

அந்த வழவழப்புதான் விஷயமே. நீரில் மிதக்கும் பாக்டீரியாக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டதும் பசைபோன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறிவிடுகின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் படலம் மெல்லியதாக இருக்கும். தேங்கினால், நீரில் மிச்சமிருந்த குளோரினும் தீர்ந்து, படலம் தடிக்கும். பழைய நீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினாலும் அது அங்கேயே இருக்கும்.

நம் ஊர் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கை சுடுகிற அளவுக்குப் போகிறது. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு வசதியான சூடு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவால்தான் இது அடையாளம் காணப்பட்டது. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் தொற்றுகிறது. அதனால் பூட்டிய வீட்டுக்கு வந்ததும் ஷவரில் குளிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாக ஓட விடுங்கள்.

குளிர் நாடுகளில் கேம்பர் வேன் (தண்ணீர்த் தொட்டியும் குழாயும் உள்ள, தங்கிப் பயணிக்கும் வண்டி) வைத்திருப்பவர்களும் இதே வேலையை வசந்தத்தில் செய்கிறார்கள். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும் என்பதால், குளிர்காலத்துக்கு முன் நீரை வடித்து, உறையாத திரவத்தைக் குழாய்களில் விடுவார்கள். வசந்தத்தில் அதை அலசி வெளியேற்றிய பிறகு குளோரின் வைத்தியம். நமக்கு உறைபனிக் கவலை இல்லை, ஆனால் கொசு உண்டு. ஏடிஸ் கொசு தொட்டியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டை ஒட்டிவைக்கும். காய்ந்த சுவரிலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீர் ஏறியதும் பொரியும். எங்கள் தொட்டியிலும் கறைக்கோட்டுக்கு மேல் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. எதுவாக இருந்தாலும் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் போகாது.

தேய்ப்பதுதான் முதல் வேலை. சேறும் பாசியும் இருக்கும் தொட்டியில் நேராகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கிருமிக்கு மிச்சமிருக்காது. தேய்த்து, அலசி, நிரப்பிய பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில் போட வேண்டும். புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஆக 1,000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம். பிரித்து நாளான பாக்கெட் வீரியம் இழந்திருக்கும் என்பதால் நாங்கள் 200 கிராம் எடுத்தோம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றினோம். பாத்ரூம் ஆசிட் இருக்கும் பக்கமே இதைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

நீரில் கரைந்த குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லாததால் கிருமியின் சுவரைச் சுலபமாகத் தாண்டும். நீரில் காரத்தன்மை கூடினால் அதில் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றுப் பலமிழக்கிறது. காரமான போர் தண்ணீருக்கு நேரம் கூட வேண்டியிருப்பது இதனால்தான். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு முழுக்க விட்டோம். ஆர்ஓ இயந்திரத்துக்குப் போகும் வால்வை மட்டும் முதலிலேயே அடைத்தோம், குளோரின் அதன் சவ்வை அரித்துவிடும். ஹீட்டர் சுவிட்சையும் தொடவில்லை. காலையில் எல்லாவற்றையும் சாக்கடையில் வடித்து, வாசனை போகும்வரை அலசினோம்.

"இனி போர் தண்ணியையே குடிக்கலாமா?" என்றார் அம்மா. கூடாது. எங்கள் பக்கத்துப் பாறை நீரில் ஃபுளோரைடு அதிகம். அது கிருமி இல்லை, பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலோ நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு வலியுமாக இந்த மாவட்டம் பட்ட பாட்டுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கப்பட்டது. சமையலுக்கும் குடிக்கவும் அந்தக் குழாயில் குடம் வைத்தோம். மேல்தொட்டித் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்.