ட்வீக் என்றால் சீராக்கம் அல்ல, திருகல்

விண்டோஸைத் தன் விருப்பத்துக்கு வெட்டிக் குறைத்து ஒரு தனிப் பதிப்பாகச் செய்துகொள்பவர்களுக்கான தமிழ்க் குறிப்புகளில் 'பதிவேட்டுச் சீராக்கம்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிப் பார்ப்பதை ஆங்கிலத்தில் ரெஜிஸ்ட்ரி ட்வீக் என்பார்கள், அதற்குத்தான் இந்தப் பெயர். அண்மையில் 'பழைய பதிவேட்டுச் சீராக்கங்களைச் சீராக்குவது எப்படி' என்று ஒரு தலைப்பே கண்ணில் பட்டது. ஏற்கெனவே சீராக்கியதை மறுபடி எதற்குச் சீராக்க வேண்டும்? இந்தக் குழப்பம் வாசகரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரெஜிஸ்ட்ரி லத்தீன் வழி வந்த சொல், 'எழுதி வைக்கப்பட்டவை' என்பது அடிப்படைப் பொருள். விண்டோஸில் 1992இல், 3.1 பதிப்போடு வந்தது. அதுவரை ஐஎன்ஐ என்ற எளிய எழுத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்த அமைப்புகள் பிறகு வந்த என்டி, 95 பதிப்புகளில் பெருமளவு இதற்குள் சேர்ந்தன. 'பதிவேடு' இதற்குச் சரியாகவே பொருந்துகிறது, அதில் எனக்கு வழக்கில்லை. ட்வீக் என்பது கிள்ளுதல், பிடுங்குதல் என்று பொருள்பட்ட பழைய ஆங்கில வினையோடு உறவுடையது. மூக்கையோ காதையோ பிடித்துத் திருகுவது அதன் பொருள். இயந்திரத்தில் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் ஏறியது.

இங்கேதான் சீராக்கம் என்ற சொல் தவறுகிறது. சீராக்கம் என்றாலே முன்பு சீர்கெட்டிருந்தது, இப்போது நன்றாகிவிட்டது என்று ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. ட்வீக்கில் அந்தத் தீர்ப்பு கிடையாது. விண்டோஸில் துணைமெனு விரிவதற்கு முன் 400 மில்லிவினாடி காத்திருக்கும்; அதை 0 ஆக்குவது பெயர்பெற்ற ஒரு ட்வீக். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குச் சுட்டி சற்று நகர்ந்தாலே மெனு முகத்தில் வந்து விழுகிறது என்று எரிச்சலாக இருக்கும். இதில் எது சீர்? பின்னணியில் ஓடி அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 என்று எழுதினால் சேவை முடங்கும். அச்சுப்பொறியே இல்லாதவருக்குச் சரி, ஆனால் அவர் செய்த பதிப்பை வாங்கி நிறுவி, அச்சடிக்க முடியாமல் தவிப்பவரிடம் இதைச் சீராக்கம் என்று எப்படிச் சொல்வது?

நம்மிடம் 'திருகு' இருக்கிறது. காதைத் திருகுகிறோம், குமிழைத் திருகுகிறோம், திருகாணி என்கிறோம். ஆங்கிலச் சொல் எந்த உடல் அசைவிலிருந்து கிளம்பியதோ அதே அசைவு நம் சொல்லிலும் இருக்கும்போது வேறெங்கோ தேடுவானேன்? ரெஜிஸ்ட்ரி ட்வீக் என்பது பதிவேட்டுத் திருகல். மாற்றிப் பார் என்பதற்குத் திருகிப் பார். வினையாகவும் பெயராகவும் இயல்பாக நிற்கிறது.

'திருகுதாளம்' என்ற சொல் நினைவுக்கு வருகிறதே, திருகல் என்றால் கோணல் வேலை போலத் தொனிக்கிறதே என்பார்கள். தொனிக்கட்டும். திருகியது சரியாகவும் அமையலாம், கோணலாகவும் போகலாம். இரண்டுக்கும் இடம் தரும் சொல்தான் இங்கே தேவை. 'நுண்மாற்றம்' என்று இன்னொரு பரிந்துரையும் உண்டு. சீராக்கத்தை விட இது எவ்வளவோ மேல், தீர்ப்பு சொல்வதில்லை. ஆனால் கணினி எழுந்திருக்கத் தேவையான ஓர் இயக்கியின் (டிரைவர்) ஸ்டார்ட் மதிப்பை ஒரே ஓர் எண் மாற்றி முடக்கினால் விண்டோஸ் திறக்கவே திறக்காது. கை அசைவு சிறியது, விளைவு சிறியதல்ல. நுண் என்ற முன்னொட்டு அந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது.

அடுத்த தகராறு 'நீக்கு' என்ற சொல்லோடு. திருகல்களைத் துப்புரவு செய்வது ஒரே செயல் அல்ல. பதிவேட்டில் கொள்கைகளுக்கான (பாலிசி) கிளையில், அதாவது கோப்புறை போன்ற பகுதியில், சேர்த்த மதிப்பை அழித்தால் போதும், விண்டோஸ் தன் இயல்புக்குத் திரும்பும். பதிவேட்டில் மாற்றங்களை ஏற்றும் ரெக் கோப்பில் மதிப்பின் பெயருக்குப் பின் சமக்குறியும் கழித்தல் குறியும் போட்டால் வேலை முடிந்தது. இது நீக்கல். ஆனால் சேவையின் ஸ்டார்ட் மதிப்பை அப்படி அழிக்கக் கூடாது. முன்பிருந்த 2 அல்லது 3ஐத் திரும்ப எழுத வேண்டும். இது மீட்டல். மூன்றாவது, இடம் தவறி எழுதியதைத் திருத்துவது. விண்டோஸை நிறுவுவதற்கான படிமக் கோப்பை (இமேஜ்) இயக்காமல் திறந்து வேலை செய்யும்போது 'கரண்ட் கண்ட்ரோல் செட்' என்ற கிளை அங்கே இருக்காது, 'கண்ட்ரோல் செட் 001' தான் இருக்கும். அதேபோல் பயனர் பகுதித் திருகல்கள் புதிய பயனர்களுக்கு அச்சாக இருக்கும் 'டீஃபால்ட்' பயனரின் அமைப்புகளைத் தாங்கும் என்டியூசர் கோப்பில் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பதிப்பில் புதிதாக உருவாகும் பயனருக்குப் போய்ச் சேராது. இந்த மூன்றையும் 'நீக்குக' என்ற ஒரே சொல்லில் அடைக்கும் மொழிபெயர்ப்பை நம்பி ஒருவர் ஸ்டார்ட் மதிப்பை அழித்தால், அந்தப் பழி மொழிபெயர்த்தவர் மேல்தான். இதையெல்லாம் ஒரே சொடுக்கில் 'சுத்தம்' செய்வதாகச் சொல்லும் கருவிகளைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

இதைவிடக் கொடுமை 'விசை'. பதிவேட்டில் உள்ள கீ என்பது கிட்டத்தட்ட ஒரு கோப்புறை, உள்ளே துணைக் கீகளும் மதிப்புகளும் இருக்கும். அதை விசை என்று எழுதுகிறார்கள். 'விசையை நீக்கியபின் எஃப்5 விசையை அழுத்தவும்' என்று ஒரே வரியில் இரண்டும் வந்தால் புதியவர் விசைப்பலகையைத்தானே பார்ப்பார்? அகராதியில் முதலில் தென்பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த வரியை ஒரு கணினி முன் உட்கார்ந்து செய்து பார்க்காமல் விட்டதன் விளைவு இது. பதிவேடு மரம் போல விரிவது, எனவே கீயைக் கிளை என்கலாம். மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஹைவ் என்ற சொல்லை மட்டும் நேருக்கு நேர் மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். பதிவேடு வட்டில் சேமிக்கப்படும் கோப்புக்கு அந்தப் பெயர். என்டியை உருவாக்கியவர்களில் ஒருவருக்குத் தேனீ என்றாலே ஆகாது என்பதால், அவரைச் சீண்டப் பதிவேட்டை எழுதியவர் வைத்த பெயர் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் விளக்கியிருக்கிறார். அதைத் 'தேன்கூடு' என்றால் வாசகருக்கு எந்தப் பொருளும் துலங்காது. பதிவேட்டுக் கோப்பு என்று எழுதினால் போதும்.