துண்டு முடிந்தால் தரவு முடிந்துவிடாது

ஒரு மொழியின் இலக்கணத்தைக் கொடுத்தால், அதில் வரும் உரையின் அமைப்பைக் கண்டறியும் பார்சரை எழுதித் தரும் கருவிகள் 1970களில் யாக் என்ற கருவி வந்த காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கின்றன. அவை தரும் பார்சர், கேட்டவுடன் அடுத்த டோக்கன் (எண், சொல், குறி போன்ற ஒரு சிறு அலகு) கிடைக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. கோப்பைப் படிக்கிற வரை இதில் குறையில்லை. அதையே நெட்வொர்க் இணைப்பில் மாட்டும்போது பலரும் பார்சரில்தான் கை வைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் உடைவது லெக்சர், அதாவது எழுத்துகளை டோக்கன்களாகப் பிரித்துத் தரும் பகுதி.

12345 என்ற எண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க்கில் தரவு துண்டு துண்டாகத்தான் வரும்: முதல் துண்டு 12 உடன் நின்றுவிடுகிறது, 345 அடுத்த துண்டில் வருகிறது. துண்டின் முடிவையே தரவின் முடிவாக எடுத்துக்கொள்ளும் லெக்சர் இரண்டு எண்களைத் தரும். இலக்கணப் பிழை என்று நின்றுவிட்டால் நல்லது. இடைவெளி விட்டு எண்களை அடுக்க இலக்கணம் அனுமதித்தால் பிழையே வராது, தவறான மதிப்பு சத்தமில்லாமல் தரவுத்தளத்துக்குப் போய்விடும். எனக்குப் பயம் இதில்தான்.

லெக்சரை எழுதித் தரும் ஃப்ளெக்ஸ் கருவியில் இது நடக்கும் இடம் தெளிவானது. உள்ளீட்டைப் படித்து வைக்கும் பஃபரை நிரப்பும் மேக்ரோ 0 என்று சொன்னால், உள்ளீடு தீர்ந்தது என்று பொருள். தரவு வரும்வரை காத்திருக்காத சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனை) 'இப்போதைக்கு ஒன்றும் வரவில்லை' என்பதையும் 0 ஆக்கிவிட்டால் கதை முடிந்தது. 'வந்தது', 'பொறு', 'தீர்ந்தது' என மூன்று பதில்கள் தேவை. ஃப்ளெக்ஸுக்கு நடுவில் பொறுக்கத் தெரியாது. ஆகவே ஒரு செய்தி முழுதாகச் சேரும்வரை வெளியே வைத்திருந்து பிறகு கொடுங்கள், அல்லது அதைத் தனி த்ரெட்டில் காத்திருக்க விடுங்கள். ரீ2சி என்ற இன்னொரு லெக்சர் கருவியில் நிலையைச் சேமித்துவிட்டு வெளியேறி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு.

பார்சர் பக்கம் வேலை குறைவு. பார்சரை எழுதித் தரும் பைசன் கருவியில், 2008-இல் வந்த 2.4 பதிப்பு முதல் புஷ் பார்சர் இருக்கிறது. டோக்கன் கிடைக்கும்போதெல்லாம் நீங்களே உள்ளே தள்ளலாம், 'இன்னும் வேண்டும்' என்று அது பதில் சொல்லும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் பயன்படுத்தும் லெமன் என்ற பார்சர் கருவி பிறப்பிலேயே அப்படித்தான். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி நிலை வைத்துக்கொண்டால் சரி.

அப்புறம் இலக்கணத்தையும் ஒருமுறை பாருங்கள். பட்டியல் விதியை வலப்பக்கச் சுழற்சியாக (விதி தன்னையே தன் கடைசியில் மீண்டும் அழைப்பது) எழுதியிருந்தால், கடைசி உறுப்பு வரும்வரை எல்லாம் பார்சரின் ஸ்டாக்கில் (முடியாதவற்றை அடுக்கி வைக்கும் இடம்) கிடக்கும். பைசனின் ஸ்டாக்குக்கு இயல்பான உச்சவரம்பு 10,000. ஓயாமல் வரும் ஓடைக்கு அது எந்த மூலைக்கு? இடப்பக்கச் சுழற்சியாக (தன்னையே தொடக்கத்தில் அழைப்பது) மாற்றி, ஒவ்வொரு பதிவையும் வந்தவுடன் கையாண்டு விடுவியுங்கள். கூற்றுக்கு (ஒரு முழுக் கட்டளைக்கு) முடிவுக்குறி இல்லாத மொழி என்றால் இன்னொரு சிக்கல்: கூற்று முடிந்ததா என்று தெரிந்துகொள்ள பார்சர் அடுத்த டோக்கனுக்குக் காத்திருக்கும், எதிர்முனையோ பதிலுக்குக் காத்திருக்கும். இருவரும் நகர மாட்டார்கள்.

தமிழ் உரை வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8இல் 'க' மூன்று பைட். துண்டு அதன் நடுவிலும் வெட்டும். அரைகுறை பைட்டுகளை அடுத்த துண்டுவரை வைத்திருக்கும் டிகோடரை லெக்சருக்கு முன்னால் போடுங்கள்.

சோதனைக்கு நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான். ஒரு மாதிரி உள்ளீட்டை எடுத்து, ஒவ்வொரு பைட் எல்லையிலும் இரண்டாக வெட்டி ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பைட்டாகவும் ஊட்டுங்கள். முழுதாகக் கொடுத்தபோது வந்த டோக்கன் வரிசை எல்லாவற்றிலும் அப்படியே வர வேண்டும். மூடாத மேற்கோள் ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள்: ஃப்ளெக்ஸ் அந்த ஒரு டோக்கனுக்காகப் பஃபரைப் பெருக்கிக்கொண்டே போகும். டோக்கன் நீளத்துக்கு நீங்களே வரம்பு வைத்து, தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.