ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வாருங்கள்

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒருவர் ஆஃபர் லெட்டரோடு, வரி ஆலோசனை சொல்லும் என் அலுவலகத்துக்கு வந்தார். வயது 50. கோவையில் பதினேழு வருடமாகத் தனியாக இன்டீரியர் வேலை எடுத்துச் செய்தவர். மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு கட்டுமான நிறுவனம் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தது. செப்டம்பர் 1-ல் சேர வேண்டும்.

"இத்தனை நாளும் மாசம் ஒன்றரை லட்சம் வந்துட்டிருந்துச்சுங்க மேடம். சம்பளமும் அதே ஒன்றரைதானுங்க. ஒண்ணும் மாறாதுங்களே?" என்றார்.

இப்படி வேலைக்குப் போகிறவர்களில் பலர் என்னிடம் வருவது அடுத்த வருடம் ஜூலையில், வருமான வரி ரிட்டர்ன் போடும் சமயத்தில்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இவர் முன்கூட்டியே வந்ததால் செய்வதற்கு நிறைய இருந்தது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்றரை லட்சம். சொந்தத் தொழிலில் இருந்தவரை வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்கீழ் கணக்குக் காட்டிவந்தார். இன்டீரியர், ஆர்க்கிடெக்ட், டாக்டர், வக்கீல், தொழில்நுட்ப ஆலோசகர் போன்றவர்களுக்கு வரவில் பாதியை லாபமாக எடுத்துக்கொள்ளும் முறை அது. வருட வரவு 18 லட்சம் என்றால் வருமானம் 9 லட்சம். புதிய வரிமுறையில் 2025-26-க்கு வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரி இல்லை, அதைத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். வாடிக்கையாளர்கள் பணம் தரும்போதே பிடித்துக் கட்டிய வரி, அதாவது டி.டி.எஸ்., முழுக்கத் திரும்பி வந்துவிடும். அதே 18 லட்சம் சம்பளமாக வந்தால் நிலையான கழிவு 75,000 போக மீதி 17.25 லட்சத்தை வைத்து வரி போடுவார்கள். செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 75,000 என்பதால் பி.எஃப். மாதம் 9,000 பிடிப்பார்கள். கைக்கு வருவது சுமார் 1,28,000.

லெட்டரில் சி.டி.சி., அதாவது அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, 19.5 லட்சம் என்று இருந்ததைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டிருந்தார். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகப் போடும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் அதற்குள்ளேயே அடக்கம். அந்த கிராஜுவிட்டியும் ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். அதற்காக வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபீஸ் வாடகை, சைட்டுக்கு அலையும் பெட்ரோல், பில் பாக்கி வசூலிக்கும் தவிப்பு எல்லாம் இனி இல்லை. காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் வரும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொன்னேன்.

அடுத்தது வருட நடுவில் மாறுவது. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தொழிலில் வந்தது 7.5 லட்சம், அதில் பாதி 3.75 லட்சம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சம்பளம் 10.5 லட்சம், கழிவு போக 9.75 லட்சம். நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குத் தெரிவது அந்த 9.75 லட்சம் மட்டும். 12 லட்சத்துக்குள் இருப்பதால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் 13.5 லட்சம், வரிச்சலுகை போய்விடுகிறது, வரி 85,800. கம்பெனி வாடிக்கையாளர்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள், தங்கள் வீட்டுக்கு வேலை கொடுத்தவர்கள் பிடித்திருக்க மாட்டார்கள். மீதியை ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு கட்ட வேண்டிவரும். சேர்ந்த உடனே பழைய வருமானத்தை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தால் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். இல்லையென்றால் மார்ச் 15-க்குள் முன்வரியாகக் கட்டிவிட வேண்டும். அந்த வருடம் சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்.-1 போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவருக்கு இருந்த பெரிய பயம் வேறு. எச்.ஆரில் கடைசி இரண்டு நிறுவனங்களின் ரிலீவிங் லெட்டர் கேட்டிருந்தார்கள். "பதினேழு வருசம் வேலை செஞ்சதுக்கு எங்கிட்ட ஒரு காயிதங்கூட இல்லீங்களே" என்று அவர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. காகிதம் இருந்தது, அவர் அதை அனுபவச் சான்றாக நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டி.டி.எஸ். பிடித்த ஒவ்வொரு கம்பெனியின் பெயரும் தொகையும் தேதியும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் இருந்தது. வருடவாரியாக இறக்கி அடுக்கினோம். வீடுகளுக்குச் செய்துகொடுத்த வேலைகளுக்கு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், ரிட்டர்ன் ஒப்புகை. எச்.ஆர். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பழைய பில்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஐம்பது வயதில் உங்கள் அனுபவத்துக்கு அவைதான் சாட்சி.

லெட்டரின் பின்பக்கத்தில் இரண்டு பத்திகள் என்னை நிறுத்தின. ஒன்று, வேறு எந்த வருமானமும் கூடாது என்பது. அவருக்குச் சரவணம்பட்டியில் இரண்டு வீடுகள் பாதியில் நின்றன. அவற்றின் பெயர், முடியும் தேதி, வரவேண்டிய பாக்கி மூன்றையும் இணைப்பாகக் கொடுத்து நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கச் சொன்னேன். வாய்வார்த்தையாகச் "சரி" என்ற மேலாளர் ஆறு மாதத்தில் மாறிவிடலாம். இன்னொன்று, படைப்புகள் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்பது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்வது நிறுவனத்துக்குப் போகும். தனியாக இருந்தபோது வரைந்த வரைபடங்கள், எழுதிக்கொடுக்காதவரை, பொதுவாக வரைந்தவருடையவை. பதினேழு வருட வரைபடங்களும் அவர் லேப்டாப்பில் இருந்தன. பட்டியலிட்டு, 'சேருமுன் செய்தவை' என்று இணைத்தோம். இந்த மாதிரிப் பத்திகளை ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுவது நல்லது.

ஒரு வருடம் வரவு 20 லட்சத்தைத் தாண்டியபோது ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருந்தார். வேலைக்குப் போனால் அது தானாக மூடாது. அந்த இரண்டு வீடுகளின் கடைசி பில்லைப் போட்டுவிட்டு ரத்துக்கு விண்ணப்பித்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும். சும்மா விட்டால் பூஜ்ய ரிட்டர்னுக்குக்கூட நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும்.

நிறுவனத்தில் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு என்பதால் சொந்த பாலிசியை நிறுத்தப் போவதாகச் சொன்னார். சர்க்கரை உள்ளவர். நிறுத்தாதீர்கள் என்று அழுத்தமாகவே சொன்னேன். வேலையை விட்டால் அந்தக் காப்பீடும் போகும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியாக பி.எஃப். படிவம் 11. முன்பு உறுப்பினராக இருந்தீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் செய்திருந்தார். இளமையில் எங்கும் வேலை பார்த்ததில்லையா என்று கேட்டேன். 2003 முதல் 2008 வரை ஒரு மில்லின் கட்டுமானப் பிரிவில் இருந்தாராம், பி.எஃப். பிடித்தார்களாம், பணம் எடுத்த ஞாபகம் இல்லை. 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. பழைய உறுப்பினர், பணத்தை எடுக்காதவர் என்றால் தொடர வழி உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். 58 வயதுக்கு அவருக்கு இன்னும் எட்டு வருடம்தான். அந்த ஐந்து வருடம் சேர்ந்தால் பதின்மூன்று.

வீட்டுக்கு போன் போட்டார். அவர் மனைவி டிரங்குப் பெட்டியைக் கிளறி, அரை மணி நேரத்தில் மஞ்சளேறிய ஒரு பி.எஃப். சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எண் தெளிவாக இருந்தது. படிவத்தைப் புதிதாக எடுத்து, அந்த எண்ணை எழுதி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.